சுத்தமா இருக்கும்மா

1984-இல் ஆலங்குளம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். எங்கள் தொழிலில் முகத்தைவிடச் சளிதான் ஞாபகத்தில் நிற்கும். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், உண்மை அதுதான். அவள் ஒருத்தி முகம் மட்டும் மறக்கவில்லை.

பத்தொன்பது வயது. பீடி சுற்றுகிற பெண். விரல் நுனியெல்லாம் இலைக்கறை. மூன்று மாத இருமல். கண்ணாடிச் சில்லில் சளியைத் தேய்த்து, கார்பால் ஃபியூக்ஸின் ஊற்றி, ஆவி வரும்வரை சூடுகாட்டி, அமிலத்தில் கழுவி, மெத்திலின் நீலம் விட்டுப் பார்த்தால், நீலத்துக்கு நடுவே காசக்கிருமி சிவப்பாகத் தெரியும். அன்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றவள், "நான் பாக்கலாமா சார்?" என்றாள். அதுவரை யாரும் கேட்டதில்லை. பார்க்கவிட்டேன்.

"செகப்பு நூலைக் கிள்ளிப் போட்டாப்ல இருக்கு. இம்புட்டுக்காணுதானா?"

அப்போது எங்கள் பக்கம் வைத்தியம் ஒரு வருஷம். முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரை. அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிப் போக வேண்டும். ஆறு மாத வைத்தியம் எங்களுக்கு வந்துசேர ரொம்ப காலம் ஆனது. அவள் ஒரு ஊசியையும் தவறவிடவில்லை. இரண்டாம் மாத முடிவில் மறுபடி சளி பார்த்தேன். நூறு இடம் தள்ளித் தள்ளிப் பார்த்தும் ஒன்றும் இல்லை.

"போயிட்டா சார்?"

"சுத்தமா இருக்கும்மா" என்றேன். அவளோடு எனக்கும் சந்தோஷம்.

ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் அகப்படும். அதற்குக் கீழே எத்தனை இருந்தாலும் சில்லு காலிதான். பயிற்சியில் படித்த பாடம்தான். சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் மாதம் அவள் வரவில்லை. தையில் கல்யாணம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாளா என்று கேட்டார்களாம். காசம் பற்றி யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. புது வீட்டில் மாத்திரையை எங்கே வைத்து விழுங்குவாள்? பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'டிஃபால்டர்' என்று எழுதினோம். ஏதோ வாங்கிய கடனைக் கட்டாமல் ஓடிப்போனவளைப் போல.

அடுத்த வருஷம் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில்லு முழுக்கச் சிவப்பு. பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பித்தோம், கேட்கவில்லை. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சோதிக்க எங்களிடம் வசதி கிடையாது. இன்று சளியைச் சோதிக்கிற சிபிநாட் இயந்திரம், காசத்துக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. அவள் ஆடியில் போய்விட்டாள். துக்கத்துக்குப் போனபோது அவளுடைய அம்மா சண்டைக்கு வரவில்லை. "நீங்கதான சார் சுத்தமா இருக்குன்னு சொன்னீய" என்று மட்டும் கேட்டாள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கல்லூரிப் பெண் ஒருத்தி, இரண்டாம் மாதச் சளி முடிவுக்காக வந்து நின்றாள். நெகட்டிவ். "சரியாயிட்டா சார்?" என்றாள்.

"இந்தக் கண்ணாடியில தெரியல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். மாத்திரையை நிறுத்திராத."

நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.