பெயின்ட் அடித்த பிளாக்

காட்பாடியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவனுக்கு படகு மோட்டார் வேலை வருவதே ஒரு கூத்துதான். இருபது வருடமாக டிராக்டருக்கும் ஆயில் இன்ஜினுக்கும் ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற வேலை, செய்துகொண்டிருக்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோதுதான் எங்கள் ஊரில் படகைப் பற்றி யாராவது பேசியிருப்பார்கள்.

என்னிடம் தொழில் கற்ற பையன் ஒருவன் பழவேற்காட்டில் பெண் எடுத்தவன். மச்சானுடைய மோட்டாரை வேனில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினான். டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 703 சிசி, 40 எச்பி. வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் பிய்ந்து, இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஏறாமல் மேல் சிலிண்டரில் பிஸ்டன் இறுகி சீஸாகி, கனெக்டிங் ராடு முறிந்து, சிலிண்டர் வார்ப்பான பிளாக்கையே குத்திக் கிழித்திருந்தது. புது பிளாக் விலையைக் கேட்டதும் பையன், "பழசு பாக்கலாண்ணே" என்றான்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. ரெண்டு பிளாக் கிடந்தன. ஒன்றில் சிப்பி ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. இன்னொன்று வெள்ளி பெயின்ட் அடித்துப் புதுமாப்பிள்ளை மாதிரி. "தண்ணியே பாக்காத மாலு சார்" என்றார் கடைக்காரர். கடலில் ஓடுகிற மோட்டார் தண்ணியைப் பார்க்காமல் எதைப் பார்த்ததாம்! அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அதையே, பிஸ்டன் சுழற்றுகிற தண்டான கிராங்கோடு சேர்த்து வாங்கி வந்தேன்.

பட்டறையில் பூட்டும்போது கிராங்கை வைத்து விரலால் தள்ளினேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. கிராங்க்கேஸ் மூடியை வைத்து போல்ட்டை உள்ளிருந்து வெளியே, மாற்றி மாற்றி இறுக்கினேன். கடைசிச் சுற்று முடிந்து திருப்பினால் அசையவே இல்லை. ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் சுற்றுகிறது, இறுக்கினால் பிடிக்கிறது. மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் பெயின்டுக்குக் கீழே ரெண்டின் வார்ப்பு நிறமும் வேறு வேறாக இருந்தது தெரிந்தது. பிளாக்கையும் மூடியையும் சேர்த்துப் பூட்டித்தான் பேரிங் உட்காரும் இடத்தை ஒரே ஓட்டமாகக் கடைவார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு ஜோடி சேராது. இதை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். பையன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கடைக்காரரிடம் சண்டை போட்டு, பாதிப் பணத்தைக் கழித்துக்கொண்டு, அந்தச் சிப்பி பிளாக்கையே கேட்டேன். இந்த முறை கையோடு சிலிண்டர் உள்விட்டம் அளக்கிற போர் கேஜ், ஸ்க்ரூ டிரைவர், ஒரு டப்பா மண்ணெண்ணெய். மூடி அதனுடையதேதானா என்று முதலில் பார்த்தேன். பக்கத்து கவரைக் கழற்றச் சொல்லி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட்டுக்குள் குத்திப் பார்த்தேன். வெள்ளைப் பொடி கொட்டியது, ஆனால் உள்ளே அலுமினியம் கெட்டியாக நின்றது. உப்பு தின்ற இடம் பிஸ்கெட் மாதிரி உதிரும். எங்கள் பக்கத்து இன்ஜின் தூசியிலும் காய்ச்சலிலும் சாகிறது, வெளியே பார்த்தாலே தெரியும். கடல் இன்ஜினை உப்பு உள்ளேயிருந்து அரிக்கிறது. வெளி அழுக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கிராங்கை மண்ணெண்ணெயில் அலசிவிட்டு ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது அதன் சுபாவம். மேல் கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. பிறகு காதருகே வைத்து மெல்லச் சுற்றினேன். மோட்டார் கடலில் விழுந்து, எடுத்த கையோடு கழுவி ஓட்டாமல் விட்டிருந்தால் உள்ளே ரோலரில் துரு புள்ளி புள்ளியாக விழும். மணலில் நடக்கிற மாதிரி ஒரு கரகரப்பு கேட்கும். இதில் கேட்கவில்லை.

"எதுல ஓடிகினு இருந்துச்சு? இன்னாத்துக்கு நிறுத்துனாங்க?" என்று கேட்டேன். "கியர் போயிடுச்சுன்னு வித்துட்டாங்க சார்" என்றார். கியர் போய் நின்ற மோட்டாரின் மேல்பாதியை நம்பலாம்.

பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கேஸ்கட், இம்பெல்லர் எல்லாம் புதுசு. இதில் பழசு தேடுபவனோடு நான் பேசுவதே இல்லை. அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு ரீபோர் அடித்தேன். சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வருகிற ஓட்டையான போர்ட்டின் ஓரங்களைச் சின்ன கல்லால் மழுக்கினோம். ஆயில் இன்ஜினில் அந்த வேலை கிடையாது. பையன் ஞாபகப்படுத்தாவிட்டால் ரிங் போய் அந்த ஓரத்தில் மாட்டியிருக்கும்.

நீல டிரம் ஒன்றில் போர் தண்ணீரை நிரப்பி, 25 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் கலந்த பெட்ரோலில் ஓட்டினோம். தெருவே புகை. "பாலாறே காஞ்சி கெடக்குது, இங்க இன்னாய்யா போட்டு?" என்று டீக்கடைக்காரர் வந்து நின்றார். பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி வந்து, கொஞ்ச நேரத்தில் சுட ஆரம்பித்தது. சூடு ஏறுகிற விதம் சரியாக இருந்தது.

கியர் இருக்கிற கீழ்ப்பாதி மச்சானுடைய பழசேதான். அதில் கியரைக் கோக்கிற பல்லான கிளட்ச் டாக்கின் முனை லேசாக உருண்டிருந்தது. இன்னும் ஒரு சீசன் தாங்கும், முன் கியர் தானாகக் கழல ஆரம்பித்தால் உடனே எடுத்து வா என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் வரவில்லை. அந்த வெள்ளி பிளாக் பட்டறை வாசலில் ஷட்டருக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.