பெரியப்பாவின் வால்வு ரேடியோ

பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த பிலிப்ஸ் வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் செட், இப்போது என் மேசையில் பாடுகிறது. விற்பதற்கு இல்லை, நான் கேட்பதற்குத்தான்.

பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகவே கூடாது. உள்ளே 250 வோல்ட் வரை டிசி ஓடும். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் முதலில் கரண்ட் கொடுத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பிவிடும்.

அப்புறம் மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். அதில் முக்கியமானது, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, போவது. அது லேசாக டிசியைக் கசியவிட்டாலே போதும். கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி வால்வு கொதிக்கும், சமயத்தில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். சென்னை ரிச்சி தெருவில் 630 வோல்ட் தாங்கும் பிலிம் கண்டென்சர் வாங்கிப் போட்டேன்.

பெட்டிக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அடியோரம் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள், எழும்பியிருந்தது. சிரிஞ்சில் பசை ஏற்றி, கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு சுற்றி, மெல்லிய பூச்சாகத் தேய்க்கத் தேய்க்கத் தேக்கின் வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இன்றைய பளபளப்பு வார்னிஷ் இந்தப் பெட்டிக்கு ஆகவே ஆகாது. ஸ்பீக்கர் துணியை மட்டும் தொடவில்லை. அதில் படிந்த மஞ்சள், பெரியப்பாவின் சுருட்டுப் புகை.

இருட்டிய பிறகு திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், கணீரென்று கேட்கிறது. எல்இடி பல்புகளை அணைத்தால் இரைச்சல் பாதியாகிறது. ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் டயல் நூல்தான் இன்னும் வழுக்குகிறது, அடுத்த வாரம் அதை மாற்ற வேண்டும்.