எட்டு அங்குல டெலஸ்கோப்: கடைசி ஒரு மைக்ரான்

டெலஸ்கோப் செய்கிறேன் என்றதும் எல்லோரும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் செய்வது லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகை. அடியில் இருக்கும் குழிவான கண்ணாடிதான் அதற்கு உயிர். கண்ணாடியை விலைக்கு வாங்கி, மற்றதை மட்டும் செய்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு ஆசையே அதைத் தேய்ப்பதில்தான்.

விட்டம் 200 மி.மீ., தடிமன் 25 மி.மீ., எடை ஏறக்குறைய 2 கிலோ. வட்டமாக வெட்டி வாங்கிய சாதாரண ஃப்ளோட் கண்ணாடி. சூட்டில் அதிகம் விரியாத பைரெக்ஸ் வகைதான் உத்தமம். ஆனால் மதுரையில் ராத்திரி வெப்பம் அப்படியொன்றும் சட்டென்று இறங்கிவிடாது. குவியத் தூரம் 1200 மி.மீ. வேண்டும். அதற்கு நடுவில் தோண்ட வேண்டிய ஆழம் 2.08 மி.மீ.தான்.

மணல் நிரப்பிய டிரம்மின் மேல் ஒரு சிமெண்ட் வட்டு, அதில் எபாக்சியால் ஒட்டிய டைல்ஸ் துண்டுகள். 80-ஆம் நம்பர் கார்போரண்டம் பொடியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, மேலே கண்ணாடியை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். நடுநடுவே கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, டிரம்மைச் சுற்றி நாமும் நகர வேண்டும். மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது புடைக்கும். "கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட்டோம், நீ மறுபடி ஆட்ட ஆரம்பிச்சுட்டியா?" என்றார் அம்மா.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கை ஒரே சீராக ஓடக் கூடாது என்பது. எந்தப் பக்கம் தள்ளினாலும் எப்படித் திருப்பினாலும் இரண்டு பரப்புகள் ஒட்டியே இருக்க வேண்டுமென்றால், அவை கோளத்தின் துண்டுகளாகத்தான் இருக்க முடியும். மேடு எங்கே இருந்தாலும் அதுதான் முதலில் தேயும். கோளம் இப்படி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தபோது கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்ததும் இந்தத் துணிச்சலில்தான்.

தேய்த்த பரப்பு மங்கலாக இருக்கும். தண்ணீரால் நனைத்து வெயிலில் காட்டினால் சூரியனின் பிம்பம் சுவரில் விழும். பிம்பம் எங்கே மிகச் சிறிதாகிறதோ அதுவரை டேப்பால் அளந்தால் குவியத் தூரம் வந்துவிடும். அப்புறம் 120, 220, 320, 600 என்று பொடி மென்மையாகிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் வாளி, துணி, கை எல்லாம் கழுவியாக வேண்டும். 80-ஆம் நம்பர் துகள் ஒன்று தங்கினாலும் கீறல்தான்.

பாலிஷ் செய்வது கீல் (பிசின்) தட்டில், சீரியம் ஆக்சைடு என்ற மென்பொடி கொண்டு. பைன் மரப் பிசினை உருக்கி, இளக்கத்துக்கு விளக்கெண்ணெய் சேர்த்தேன். குளிர்நாட்டுக்காரர்களின் பக்குவம் மதுரை வெயிலுக்கு ஒத்துவராது, தட்டு வழிந்து ஓடிவிடும். எண்ணெயைக் குறைத்து, நகத்தால் அழுத்தினால் மெதுவாகப் பள்ளம் விழும் பதத்துக்குக் கொண்டுவந்து, விடியற்காலையில் மட்டும் வேலை செய்கிறேன்.

சோதனைக்கு 1850-களில் ஃபூக்கோ கண்ட கத்தி முனை முறை. ஓர் எல்இடி, ஒரு சிறு பிளவு, ஷேவிங் பிளேடு, மூன்றையும் சேர்த்தே நகர்த்த ஒரு திருகு. 2.4 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, திரும்பி வரும் ஒளியைப் பிளேடால் வெட்டினால் கண்ணாடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரிகிறது. விரலைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால், சூட்டில் விரிந்த அந்த இடம் ஒரு குன்று! அதனால்தான் பாலிஷ் செய்ததும் கண்ணாடியை ஆறவிட்டே சோதிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நிற்பது இங்கேதான். கோளம் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்காது, பரவளையம் வேண்டும். நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பில் வித்தியாசம் 0.9 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை எடுக்கத்தான் இத்தனை பாடு. அளக்க முடிவது எப்படியென்றால், கண்ணாடியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மாற்றம், நடுவுக்கும் விளிம்புக்கும் பிளேடை வைக்கும் இடத்தில் 2.08 மி.மீ. வித்தியாசம் ஆகிவிடுகிறது. குழியின் ஆழமும் இதே எண், இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றுதான்! என் கண்ணாடி இப்போது 1.6 மி.மீ.-ல் இருக்கிறது. சில நிமிடம் தேய்ப்பு, பிறகு சோதனை. மிஞ்சிவிட்டால் கோளத்துக்குத் திரும்பி மறுபடி வர வேண்டும் என்பதால் அவசரமில்லை.

அலுமினியப் பூச்சு வெற்றிட அறையில் செய்வது, வெளியில்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வெறும் கண்ணாடியையே குழாயில் பொருத்திப் பார்க்கப் போகிறேன். அது திருப்பி அனுப்புவது 4 சதவீத ஒளிதான் என்றாலும் நிலாவுக்குத் தாராளம், பளிச்சென்ற நட்சத்திரத்தில் வளைவைச் சரிபார்க்கவும் போதும். பூசிய பிறகு திருத்துவதென்றால் பூச்சைக் கரைத்து எடுக்க வேண்டியிருக்கும். குழாயைத் தாங்கும் பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட், சுழலும் இடத்துக்கு டெஃப்லான் துண்டுகள், சன்மைக்கா எல்லாம் வாங்கியாச்சு. மரவேலையை அடுத்த வாரம் தொடங்குகிறேன்.