நார்மல்னு சொல்லிட்டேன்

தக்கலையில் ஒரு சின்ன லேபில் பதினோரு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். கண் டாக்டர் சீட்டில் இஎஸ்ஆர், சிஆர்பி என்று, உடம்பில் அழற்சி இருக்கிறதா எனப் பார்க்கும் ரத்தச் சோதனைகளை எழுதியிருந்தால், கண்ணுக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும் என்று கேட்காதவர்கள் குறைவு.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன் ஒருவரும் கேட்டார். ஒரு கண் செக்கச்செவேலென்று சிவந்து, டியூப்லைட் வெளிச்சம்கூடத் தாங்காமல் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரப்பர் பால் தெறித்திருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறார். டாக்டர் யுவியைட்டிஸ், கண்ணுக்குள்ளே அழற்சி என்று சொல்லிச் சொட்டுமருந்து கொடுத்திருந்தார்.

நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு, ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் கலந்து, இஎஸ்ஆர் பார்க்கும் வெஸ்டர்கிரன் குழாயில் ஏற்றி நிறுத்தினேன். 3 டிகிரி சாய்ந்தாலே அளவு கூடிவிடும் என்பதால் ஸ்டாண்டை இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து மேலே 8 மி.மீ. மட்டும் மஞ்சளாகத் தெளிந்திருந்தது. சிஆர்பியும் கூடவில்லை.

“குழப்பம் ஒண்ணும் இல்லியே மக்ளே?”

“எல்லாம் நார்மல்தான் அண்ணே.”

அதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் கழித்து எச்எல்ஏ பி27 (முதுகெலும்பு அழற்சி உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் மரபணு அடையாளம்) பார்க்க வந்தபோது, உள்ளே ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை, லென்ஸோடு ஒட்டிவிட்டது என்றார். உற்றுப் பார்த்தேன், வட்டமாக இருக்க வேண்டிய கண்மணி ஒரு பக்கம் கோணியிருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண் அத்தனை சின்ன உறுப்பு, அதற்குள் மட்டும் அழற்சி என்றால் ரத்தத்தில் எதுவும் கூடாமலே இருக்கலாம். டாக்டர் இந்தச் சோதனைகளைக் கேட்பது உடம்பில் வேறு எங்காவது நோய் இருக்கிறதா என்று தேட. விடியக்காலம் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அப்புறம்தான் அந்த அண்ணன் சொன்னார். பி27 பாசிட்டிவ்.

தலைகீழாகவும் நடக்கும். நெற்றிப்பொட்டில் வலி, சோறு மெல்லும்போது தாடை வலி, ஒரு கண் திடீரென்று மங்கிவிட்டது என்று வந்த பாட்டி ஒருவருக்கு இஎஸ்ஆர் 100க்கு மேல் போனது. ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் அடுத்த கண்ணும் சில நாளில் போய்விடலாம், அதனால் ரிப்போர்ட் டைப் அடிக்கும் முன்பே டாக்டருக்குப் போன் போட்டேன்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை நீட்டும்போதே “சொட்டுமருந்து விடுறீங்கதானே?” என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு அக்கா, “சிவப்பு போயிட்டே, நேத்தோட நிறுத்தியாச்சு” என்றார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, நேரே டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன்.