சும்மா ஓட்டியே கெடுக்கப் பார்த்த ஜெனரேட்டர்

டெக்சாஸில் 2021 பிப்ரவரி பனிப்புயலில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குழாயில் தண்ணீர் உறைந்து, நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் கம்பளிக்குள் கிடந்தோம். அப்போது எடுத்த முடிவுதான் இன்று கொல்லையில் நிற்கும் பச்சைப் பெட்டி. எம்இபி-802ஏ. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட 5 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர். ஏலத்தில் எடுத்தேன். ஏறத்தாழ 400 கிலோ எடை. ட்ரெய்லரிலிருந்து இறக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

உள்ளே இரண்டு சிலிண்டர் லிஸ்டர்-பெட்டர் எஞ்சின், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் வகை, நிமிடத்துக்கு 1800 சுற்று. எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரில் 2.6 என்று இருந்தது. இந்த மீட்டரை மாற்றிவிடுவது எளிது என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் ஓவர்ஹால் செய்ததற்கான தகடு இருந்தது, உள்ளே பெயிண்டும் புதிது. பழகாத எஞ்சின் என்றே எடுத்துக்கொண்டேன்.

டேங்கில் கிடந்த பழைய எண்ணெய் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. ராணுவத்தில் விமானத்துக்கும் லாரிக்கும் ஒரே எரிபொருளாக ஜேபி-8 என்ற மண்ணெண்ணெய் வகையை ஊற்றிவந்தார்கள், அதன் மிச்சமாக இருக்கலாம். வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, டீசல் ஊற்றினேன். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். ஸ்டார்ட் சுவிட்சைத் திருப்பியதும் ஃப்யூயல் பம்ப் டக் டக்கென்று அடிக்க, இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். ஞாயிறுதோறும் அரை மணி நேரம், ஒரு பல்புகூட மாட்டாமல், சும்மா ஓடவிட்டு நிறுத்தினேன். புது வண்டியை மெதுவாக ஓட்டுவதுபோல் இதையும் பொத்திப் பாதுகாப்பதாக நினைப்பு. ஐந்து மாதத்தில் மீட்டர் 13.5 தொட்டது. அதற்குள் சைலன்சர் இணைப்பிலிருந்து கருப்பாகப் பிசுபிசுவென்று வடிய ஆரம்பித்தது. ஆயில் லீக் என்று நினைத்து கேஸ்கெட்டை மாற்றினேன். திரும்ப வடிந்தது. போல்ட்டை இறுக்கினேன். அப்படியும் வடிந்தது. இரண்டு வாரம் இப்படியே போனது.

வடிந்தது ஆயில் மட்டுமல்ல. லோடு இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. தெளித்த டீசல் முழுதாக எரியாமல் கரியோடு கலந்து புகைக்குழாயில் படியும். ‘வெட் ஸ்டாக்கிங்’ என்கிறார்கள். புது எஞ்சினுக்கு இன்னொரு கேடும் உண்டு. எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சிலிண்டர் சுவரோடு அழுத்தினால்தான் ரிங் சுவரில் பொருந்திப் படியும். லோடு இல்லையென்றால் அழுத்தம் குறைவு. ரிங் படிவதற்குள் சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்துவிட்டால், பிறகு காலம் முழுக்க ஆயில் குடிக்கும்.

ஊரில் பெரியப்பா கிணற்றுமேட்டில் ராஜ்கோட்டில் செய்த லிஸ்டர் மாதிரி எஞ்சின் வைத்திருந்தார். அதற்கு இந்த நோய் வந்ததே இல்லை. பம்ப் தண்ணீர் எடுத்த நிமிடத்திலிருந்து அதற்கு லோடுதான்.

சரி, லோடுக்கு எங்கே போவது? வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் இரண்டு வாங்கினேன், ஒவ்வொன்றும் 240 வோல்ட்டில் 4500 வாட். 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, பீப்பாயை மறக்காமல் எர்த் செய்தேன். இரண்டையும் தொடராக இணைத்தால் மொத்தம் 2250 வாட். அதோடு 1500 வாட் அறை ஹீட்டர் ஒன்றைச் சேர்த்தால் 3750, அதாவது 5 கிலோவாட்டில் சரியாக முக்கால் பங்கு. இந்தக் கணக்கு தானாக அமைந்தது, நான் கெட்டிக்காரன் என்று இல்லை.

எடுத்தவுடன் முழு லோடு கொடுக்கவில்லை. குழாயில் படிந்த டீசலும் கரியும் திடீர்ச் சூட்டில் தீப்பிடிக்கலாம். முதல் மணி நேரம் அறை ஹீட்டர் மட்டும். அடுத்த மணி நேரம் பீப்பாய் மட்டும். பிறகு இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். நீலமும் வெள்ளையுமாகக் கண்ணெரியும் புகை வந்தது. நடுவில் கரித்துகள் பறந்து துணிக்கொடியில் இருந்த படுக்கை விரிப்பில் விழுந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலாவது மணி நேரத்தில் புகை கண்ணுக்கே தெரியவில்லை. எஞ்சின் சத்தமும் இறுகிக் கெட்டிப்பட்டது. கடைசிக் கால் மணி நேரம் ஒற்றை எலிமென்டில் 4500 வாட்.

அப்போது ஒரு குழப்பம். கணக்குப்படி 90 சதவீத லோடு, ஆனால் பலகையில் உள்ள கரண்ட் மீட்டர் முழு கரண்டில் 70 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. மீட்டர் பழுது என்று திறக்கப் போனேன். நல்லவேளை, யோசித்தேன். 5 கிலோவாட் என்பது 0.8 பவர் ஃபேக்டரில் (ஓடும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற அளவு) சொல்வது. மோட்டார் மாதிரி லோடுகளுக்காகக் கூடுதல் கரண்டுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஹீட்டருக்கு பவர் ஃபேக்டர் 1, அதனால் கரண்ட் குறைவு. மீட்டர் சரிதான்.

பலகையில் ‘பேட்டில் ஷார்ட்’ என்று மூடி போட்ட சுவிட்ச் ஒன்று உண்டு. ஆயில் அழுத்தம் விழுந்தாலும், சூடு ஏறினாலும் எஞ்சின் தானாக நின்றுவிடும் அல்லவா, அந்தப் பாதுகாப்பைத் தள்ளி வைக்கும் சுவிட்ச். சண்டைக்கு நடுவே எஞ்சின் போனாலும் பரவாயில்லை, கரண்ட் நிற்கக் கூடாது. என் வீட்டு ஃபிரிட்ஜுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மூடிக்கு மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

டிப்ஸ்டிக்கில் டீசல் வாசம் வந்ததால் ஆயிலை உடனே மாற்றினேன், சாதாரண 15டபிள்யூ-40 மினரல் ஆயில். ரிங் படியும்வரை சிந்தெடிக் வேண்டாம். இப்போது மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், பீப்பாயோடுதான். மீட்டர் 31.4. கடைசி பத்து மணி நேரத்தில் ஆயில் மட்டம் ஒரு கோடுகூட இறங்கவில்லை. 50 ஆனதும் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றுவேன்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் அழுத்தினால் மொறுமொறுவென்கிறது. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சின் ஆறியதும் மாட்ட வேண்டும்.