பெரிய எழுத்துப் புத்தகம்

மலர்க் குழுவினர் சென்ற மாதம் எழுதிய மின்னஞ்சலில், நம் தமிழ்ப் பள்ளி வாத்தியாரைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். பாராட்டு என்ற சொல்லைக் கண்டதும் எனக்குச் சிறிது தயக்கம் ஏற்பட்டது. நம் சங்கக் கூட்டங்களில் பொன்னாடைக்கும் பாராட்டுரைக்கும் குறைவில்லை. நானும் மேடையேறிப் பேசியிருக்கிறேன். பேசி முடித்துக் கீழே இறங்குவதற்குள், யாரைப் பற்றிப் பேசினேனோ அவருடைய முகம் மறந்து போனதும் உண்டு. வாத்தியாரோ, நான் அவரிடம் படித்த காலம் முழுவதிலும், ஒரு மாணவனைக்கூட "நன்றாகப் படித்தாய்" என்று சொன்னவர் அல்லர். ஆகவே அவரைப் பாராட்டுவதை விட்டு, அவர் எனக்குச் செய்த ஒரு காரியத்தையும், அதை நான் பல ஆண்டுகள் தவறாகவே எண்ணிக்கொண்டிருந்ததையும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் இந்த மலரைப் படிக்கக்கூடும் என்பதால், "பள்ளி" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் விளக்கிவிட வேண்டும். 1965ஆம் ஆண்டு தொடங்கிப் பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் இல்லாமற் போயின. அதன்பின் தமிழ் படிக்க வேண்டுமென்றால் கோயிலை விட்டால் வேறு இடமில்லை. பகல் முழுவதும் அரசுப் பள்ளியில் பர்மிய மொழியில் படித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு அம்மன் கோயிலின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம். மார்ச் முதல் மே வரையிலான கோடை விடுமுறையில் காலை வகுப்பும் உண்டு. ரங்கூன் எங்களுக்கு ஆற்றுக்கு அக்கரை. 1993இல் சிரியம் பாலம் திறக்கும்வரை படகில்தான் போய்வர வேண்டும். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. அறுவடை முடிந்ததும் சிலர் வாத்தியார் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பார்கள், கொடுக்காதவர்களும் உண்டு. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது அவர் நடத்தையிலிருந்து எங்களுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அவருடைய தொழில் தையல். கடைத்தெருவில் சந்தைக்கு எதிரே ஒரு பழைய சிங்கர் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். லுங்கித் துணியின் இரு ஓரங்களையும் சேர்த்து மூட்டிக் கொடுப்பது, பெண்கள் கட்டும் தமேனுக்கு இடுப்பில் கறுப்புப் பட்டை வைத்துத் தைப்பது ஆகியவையே பெரும்பாலும் அவருக்கு வரும் வேலைகள். அந்த வழியாகப் போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பாடப் புத்தகம் பெரிய சிக்கலாக இருந்தது. இந்தியாவிலிருந்து புத்தகம் வரவழைப்பது எளிதன்று. வாத்தியாரிடம் பழைய பள்ளிக்காலத்துத் தமிழ்ப் பாடநூல் ஒன்றே ஒன்று இருந்தது; அதன் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் எப்போதோ காணாமற் போயிருந்தன. அதைப் பார்த்து ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு படி கையாலேயே எழுதினார். பர்மியப் பள்ளி ஆண்டு மார்ச் மாதத்தில் முடிந்ததும், எங்கள் நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களை வாங்கிக்கொள்வார். அவற்றை அளவு பார்த்து அடுக்கி, நடுவில் இயந்திரத்தையே ஓட்டித் தைத்து, சிமெண்டு மூட்டைத் தாளால் அட்டை போட்டு, அட்டையின் மேல் படிக்கப் போகிறவனின் பெயரைக் கறுப்பு மையில் எழுதுவார். இரவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினார் என்பதை அவர் மனைவியார், எங்கள் பெரியம்மா, ஒருமுறை என் அம்மாவிடம் குறைபோலச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் தாமாக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அந்தப் புத்தகங்களை அவர் கொடுக்கும் விதத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பர்மியரிடையே பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது இரு கைகளாலும் கொடுப்பார்கள். அல்லது வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலமுழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். ஒற்றைக் கையால் நீட்டினால் மரியாதை தெரியாதவன் என்று பெயர். சிறியவர்களுக்குக் கொடுக்கும்போது இந்த நியதியெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வாத்தியாரோ, மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பையனின் பெயரைச் சொல்லி எழுப்பி, தாமும் எழுந்து நின்று, இடக்கை முழங்கையில் இருக்க, புத்தகத்தை நீட்டுவார். வாங்குகிறவனுக்கு உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். பிற்காலத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்கள் எதையும் அப்படி நிமிர்ந்து நின்று வாங்கியதாக நினைவில்லை.

இனி என் கதை. எனக்கு எழுத்துகள் ஓடும். ஆற்றில் தொலைவில் வரும் படகு யாருடையது என்பதை எல்லோருக்கும் முன்னே சொல்லிவிடுகிற நான், மடியில் வைத்த புத்தகத்தைச் சிறிது நேரம் பார்த்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கண்டேன். நெற்றியும் வலிக்கத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததால் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் உரக்கப் படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, என் முறை வரும்போது புத்தகத்தைப் பார்ப்பதுபோல் ஒப்பித்துவிடுவேன். ஆத்திசூடி எழுத்து வரிசையிலேயே போவதால் இந்தத் தந்திரத்துக்கு மிகவும் இடம் கொடுத்தது. ஒருநாள் மாலை அதை ஒரு பிழையுமின்றி ஒப்பித்து முடித்து நிமிர்ந்தபோது, வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விரிந்திருந்தது கூட்டல் கணக்குப் பக்கம். அடி விழும் என்று கையை நீட்டத் தயாரானேன். அவர் அடுத்த பையனைப் படிக்கச் சொன்னார்.

மறுநாள் கடைத்தெருவில் என்னைக் கூப்பிட்டு ஊசியைக் கொடுத்தார். நூலை எச்சில் தொட்டு முறுக்கி எத்தனையோ முறை முயன்றும் எனக்குக் கோக்க வரவில்லை. கையைத் தள்ளி நீட்டிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. "சரி, போ" என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வகுப்பில் என் பெயரைச் சொல்லி எழுப்பி, வழக்கம்போல் இடக்கை முழங்கையில் இருக்க, எனக்கு மட்டும் இன்னொரு புத்தகம் கொடுத்தார். மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு தடிப்பு. பிரித்துப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கத்துக்கு ஏழு வரிகள்தான். வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு வரி அகலத்துக்கு வெற்றிடம். பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்து, "பாப்பா புத்தகம்" என்றான். கொட்டகை முழுவதும் சிரித்தது. அரிச்சுவடி படிக்கும் குழந்தைகளுக்குத்தான் அவர் அவ்வளவு பெரிதாக எழுதிக் கொடுப்பது வழக்கம். ஏமாற்றியதற்காக என்னைக் கீழ் வகுப்புக்குத் தள்ளி அவமானப்படுத்துகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பின் நெடுங்காலம் அவர் மேல் எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. தலைவலி குறைந்ததும், வரிகள் அசையாமல் நின்றதும், மனப்பாடம் இல்லாமலேயே படிக்க வந்ததும் நான் வளர்ந்துவிட்டதால் நேர்ந்தவை என்று எண்ணிக்கொண்டேன். பத்து வயதில் மனிதன் எதற்கும் தன்னையே காரணமாக நினைத்துக்கொள்கிறான்.

அதே ஆண்டு, 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. மாற்றிக்கொள்ள வழி ஒன்றும் இல்லை. ரங்கூனில் மாணவர்கள் கொதித்தெழுந்ததையெல்லாம் பின்னால்தான் அறிந்தோம்; எங்கள் ஊரில் அன்று கண்டது, வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்த தகப்பன்மார்களைத்தான். கோயில் கூரைக்காகச் சேர்த்த பணமும் வெறும் தாளாகிவிட்டது. விளக்குக்கு எண்ணெய் கொடுத்தனுப்பக்கூட வழியில்லாத வெட்கத்தில் பல வீடுகளில் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள்; எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூன்றாம் நாள் மாலை மழைச் சேற்றில் அரிக்கேன் விளக்கோடு வாத்தியார் தெருவில் வந்தார். உள்ளே வரவில்லை, யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை, பணத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்தந்த வீட்டுப் பிள்ளையின் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த விளக்கின் பின்னால் கோயிலுக்கு நடந்தோம். அவருடைய சேமிப்பில் எவ்வளவு போயிற்று என்று எங்களில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறு ஆண்டு அரசுப் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களிலும் அந்த விளக்கு தவறாமல் வந்தது.

தடிஞ்சூ விளக்குத் திருநாளை ஒட்டிப் பர்மியப் பள்ளிகளில் மாணவர்கள் ஆசிரியர்களை விழுந்து வணங்குவார்கள். கடோ என்று அதற்குப் பெயர். அப்போது சொல்லும் வேண்டுதலில் உடலால், சொல்லால், மனத்தால் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி அந்த வரிசையிலேயே கேட்பார்கள். நாம் மனம், வாக்கு, காயம் என்று மனத்தில் தொடங்குகிறோம். அவர்கள் உடலில் தொடங்குகிறார்கள். பகலில் பர்மிய ஆசிரியரை வணங்கிய கையோடு, மாலையில் வாத்தியாரையும் வரிசையாக வணங்குவோம். ஒரு தலையசைப்போடு ஏற்றுக்கொண்டு, "பாடத்தை எடுங்கள்" என்பார். நான் அந்த வேண்டுதலை வாயளவில் முணுமுணுத்துவிட்டு, பாப்பா புத்தகத்தை மற்றப் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்காருவேன்.

1994இல் மேற்படிப்புக்காக ரங்கூனில் இருந்தபோது தலைவலி பொறுக்க முடியாமல் ஒரு கண் மருத்துவரிடம் போனேன். பிறவியிலேயே தூரப்பார்வை, அதுவும் கடுமையானது என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் நீட்டிய அட்டையைப் பார்த்தேன். கீழ்வரிசையின் பொடி எழுத்துகள்கூட அசையாமல் நின்றன. அப்படி அசையாமல் நின்ற எழுத்தை அதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று யோசித்தபோதுதான், சிமெண்டுத் தாள் அட்டை போட்ட அந்தத் தடித்த புத்தகம் நினைவுக்கு வந்தது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்; மருத்துவர் அடுத்தவரைக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

அன்றிரவே வாத்தியாருக்கு நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அகக்கண் திறந்தவர், குலவிளக்கு என்றெல்லாம் எனக்குத் தெரிந்த பெரிய சொற்கள் அத்தனையையும் அதில் கொட்டியிருந்தேன். மூன்று வாரத்தில் ஊர்க்காரர் ஒருவர் மூலம் பதில் வந்தது. "கண்ணாடியைச் சட்டையால் துடைக்காதே, கீறல் விழும்" என்ற ஒரே வரியும், உள்ளே மடித்து வைத்த ஒரு சதுர மல் துணியும். துணியின் நான்கு ஓரமும் நூல் பிரியாதபடி மடித்துக் கையால் தைக்கப்பட்டிருந்தன. என் நான்கு பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம் சங்கம் தொடங்கிய புதிதில் அவருக்கு ஒரு நினைவுக் கேடயம் அனுப்பினோம் அல்லவா? அதற்கும் பதில் வரவில்லை என்று சிலர் வருந்தினீர்கள். 2008 மே மாதம் 2, 3 தேதிகளில் நர்கீஸ் புயல் அடித்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து நான் ஊருக்குப் போனபோது அந்தக் கேடயத்தைப் பார்த்தேன். வாத்தியார் வீட்டின் கூரையில் பாதி இல்லை. திறந்து கிடந்த அந்தப் பாதியின் கீழே, கொடி கட்டி, துணி காயப்போடுவதைப்போலத் தாள்களைத் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் அவர் கையால் எழுதிய புத்தகங்கள். படித்து முடித்தவர்கள் அடுத்த பிள்ளைக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகையால், நம் எல்லோருடைய புத்தகங்களும் அவரிடமே இருந்தன. காய்ந்த தாள்களை அடுக்கிச் சுருக்கம் நீங்க அழுத்திவைப்பதற்குத் தோதான கனத்தில் நம் கேடயம் அவற்றின்மேல் கிடந்தது. அதற்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

"சாப்பிட்டாயா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. வழியெல்லாம் நானும் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். மேலே வானம் தெரிந்ததால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது தகரத்துக்கு எங்கும் தட்டுப்பாடு. இரண்டு நாள் அலைந்து, சிரியத்தில் ஒருவரிடம் பன்னிரண்டு தகடு வாங்கி, வாடகை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஊர்ப் பையன்கள் இருவரோடு நானும் மேலே ஏறி அடித்தேன். எனக்கு அந்த வேலை வராது. மூன்றாவது தகட்டிலேயே விரலை நசுக்கிக்கொண்டேன். பெரியம்மா மஞ்சள் அரைத்துப் போட்டார்.

மாலையில் இறங்கி வந்து அந்தத் தாள்களைப் பார்த்தேன். மழையில் மை கலைந்து பெரும்பாலான புத்தகங்கள் நீலமும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய்க் கிடந்தன. என் பாப்பா புத்தகத்தை மட்டும் இன்னும் படிக்க முடிந்தது. அவ்வளவு பெரிய எழுத்தை மழையால் முழுவதும் அழிக்க இயலவில்லை. அதன் அட்டையில் என் பெயர் ஒரு கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே இன்னொரு பெயர், அதுவும் அடிக்கப்பட்டு. அதன் கீழே இன்னொன்று. எண்ணிப் பார்த்தேன், எனக்குப் பின் ஐந்து பெயர்கள். அவர்களில் இருவர் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்கும் அந்த ஊசி நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாத்தியார் விளக்கருகே உட்கார்ந்து, பிரிந்துபோன தாள்களைச் சேர்த்துவைத்து, ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார், இரு கைகளாலும். இந்த முறை அவருக்கு உண்மையிலேயே கண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நசுங்கிய விரலோடு கோத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பழைய அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் இரண்டு பெயருக்கு இடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கினார்.