நியான் டெட்ரா குஞ்சுகள்: மூன்றாம் முயற்சி, 22-ஆம் நாள்

நீலமும் சிவப்புமாக மின்னும் சின்ன அலங்கார மீன் நியான் டெட்ரா. அதன் குஞ்சுத் தொட்டியில் இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குஞ்சின் கண்ணுக்குப் பின்னால் ஊசிமுனை அளவுக்கு நீலம் மின்னியது! எண்ணினால் பதினான்கு குஞ்சுகள். இன்னொரு முறை எண்ணினால் பதிமூன்று. எதுவானாலும் சரி, இரண்டு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதல் முயற்சி போர் தண்ணீரில். எங்கள் தெருவில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 850-க்குக் குறையாது. முட்டை எல்லாம் சாயங்காலத்துக்குள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டாவது முறை ஆர்ஓ தண்ணீரோடு கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து 60-க்குக் கொண்டுவந்து, காய்ந்த பாதாம் இலை போட்டேன். குஞ்சு பொரித்தது, ஐந்தாம் நாள் நீந்தவும் செய்தது. ஒன்பதாம் நாள் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பட்டினியில் போனவை. மீன்குஞ்சுக்கு இரையாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகூட நுழையாத அளவுக்கு அவற்றின் வாய் சிறியது.

அதனால் இந்த முறை முழுக் கவனமும் இன்ஃபுசோரியா, அதாவது தண்ணீரில் வளரும் நுண்ணுயிர் இரை மேல்தான். அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில் பெரிய தொட்டியின் பழைய தண்ணீர், ஸ்பாஞ்ச் ஃபில்டர் பிழிந்த அழுக்கு ஒரு கரண்டி, காய்ந்த வாழைப்பழத்தோல் இரண்டு விரல் அகலம். நேர் வெயில் படாத ஜன்னலோரம். இரண்டாம் நாள் தண்ணீர் பால்போலக் கலங்கி நாறும். இந்தக் கட்டத்தில் ஊற்றிவிடவே கூடாது. அது வெறும் பாக்டீரியா. குஞ்சுத் தொட்டியையே கெடுத்துவிடும். நான்கைந்து நாளில் நாற்றம் அடங்கித் தண்ணீர் தெளியும். பாக்டீரியாவைத் தின்று பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர் பெருகியிருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் வெயில் கற்றையில் தூசி மிதப்பது போலத் தெரியும். ஆனால் தூசி ஒரே பக்கம் போகும். இவை தனித்தனியே திரும்பித் திரும்பி ஓடும். அதைப் பார்த்தபிறகுதான் இங்க் ஃபில்லரைக் கையில் எடுத்தேன்.

நாள்கணக்கு இதில் ரொம்ப முக்கியம். முட்டை பொரிய ஒரு நாள், குஞ்சு நீந்த நான்கைந்து நாள். அதற்குள் பாட்டில் தெளிந்திருக்க வேண்டும். அதனால் ஜோடியைத் தொட்டியில் விடுவதற்கு முன்பே, இரண்டு நாள் இடைவெளியில் மூன்று பாட்டில்கள் வைத்துவிட்டேன். ஒரு வேளைக்குப் பத்து ஃபில்லர், நாளைக்கு நான்கு வேளை. பத்தாம் நாளிலிருந்து அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா. தின்ற குஞ்சின் கண்ணாடி வயிற்றில் ஆரஞ்சுப் பொட்டு தெரியும். அந்தப் பொட்டைப் பார்க்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆர்ட்டீமியா முட்டையைச் சில்லறையாகப் பொட்டலம் கட்டித் தருபவர்களிடம் வாங்காதீர்கள். ஒரு கடையில் அப்படி வாங்கியதில் பாதிகூடப் பொரியவில்லை. காற்றின் ஈரம் பட்டாலே அது வீண். அப்புறம் சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூர் போய் சீல் உடைக்காத டின் வாங்கிவந்து, அம்மாவிடம் கேட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மூலை பிடித்தேன்.

ஜோடி சேர்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு வயிறு உருண்டு, உடம்பின் பக்கவாட்டில் ஓடும் நீலக்கோடு நடுவில் வளைந்து தெரியும், ஆணுக்கு நேர்கோடு. மார்கழியில் வைத்ததால் தண்ணீர் தானாகவே 24 டிகிரிக்கு இறங்கியிருந்தது. சித்திரை வெயிலில் சென்னையில் இதை முயலவே வேண்டாம். விடியற்காலையில் ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி மேல் முட்டையிட்டதும் பெரியவற்றை எடுத்துவிட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினேன். முட்டைக்கும் புதுக் குஞ்சுக்கும் வெளிச்சம் ஆகாது.

அடுத்து செர்ரி பார்ப் வைக்க ஆசை. இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன் அது. நம் பக்கத்து வீட்டு மீன் மாதிரி. அதற்காக இரண்டடித் தொட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பதினான்குக்கும் சிவப்பு ஏறும்வரை அதில் தண்ணீர் நிரப்பப் போவதில்லை. இப்போதைக்கு நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும், காற்றுக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக மாற்றுகிறேன். மூன்றாவது பாட்டில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. சின்னதாக இருக்கும் இரண்டு குஞ்சுகளுக்கு அதிலிருந்துதான் ராத்திரி வேளை.